யோகோஹாமா ஆல்பத் தாள்கள் இரண்டு: துடைத்தது, ஒட்டியது, தொடாமல் விட்டது

மேசைமேல் இரண்டு ஆல்பத் தாள்கள். தாள் என்பது பேச்சுக்குத்தான், கெட்டி அட்டை. ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு பழைய ஜப்பானிய போட்டோ, பின்னால் ஒன்று. தோக்கியோவில் ஒரு பழம்பொருள் சந்தையில், யாரோ பிரித்துப்போட்ட ஆல்பத்தின் மிச்சமாகப் பழைய தபால் அட்டைகளுக்கு அடியில் கிடந்தவை. முழு ஆல்பமாக இருந்திருந்தால் அரக்குப் பூசிய மேலட்டை, அதில் தந்தமும் சிப்பியும் பதித்த கொக்கோ ஃபூஜி மலையோ, உள்ளே பெரும்பாலும் 50 படங்கள் என்று இருக்கும். நான் கிட்டவே போக முடியாத விலையும் இருக்கும்.

முதல் தாளில் ஒரு பெண் இன்னொருவருக்குத் தலை வாரிக் கொண்டை போடுகிறார். அதன் பின்பக்கம் இரண்டு பெண்கள் மரத்தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள். இரண்டாவது தாளில் துவைத்த துணியைப் பலகையில் ஒட்டிக் காயவைக்கும் காட்சி. பின்பக்கம் மூன்று பெண்கள் ஹிபாச்சியைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். ஹிபாச்சி என்பது கரி போட்டுக் குளிர்காயும் கணப்பு. நான்கும் கையால் வண்ணம் தீட்டியவை. நான்கின் மேலும் ஒரு நூற்றாண்டுத் தூசி. ஒரு தாளின் மூலை பிளந்து இதழ் இதழாக விரிந்திருந்தது. இன்னொன்றின் ஓரத்தை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. இரண்டுமே வில்லாக வளைந்திருந்தன.

இவற்றை யோகோஹாமா ஷாஷின், அதாவது யோகோஹாமா போட்டோ என்பார்கள். யோகோஹாமா துறைமுகம் 1859-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. 1863-ல் அங்கே வந்த ஃபெலிசே பியாட்டோ என்ற போட்டோக்காரர் இந்தத் தொழிலுக்கு ஒரு வடிவம் கொடுத்தார். அவரது சரக்கு 1877-ல் ஸ்டில்ஃப்ரீட் - ஆண்டர்சன் என்ற ஸ்டுடியோவின் கைக்குப் போனது. முன்னவர்களிடம் வண்ணம் தீட்டும் கையாளாக இருந்த குசகாபே கிம்பெய் 1881-ல் சொந்தக் கடை போட்டார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுப் பயணிகள். பட்டியலைப் பார்த்து வேண்டியதைச் சொன்னால் வண்ணம் தீட்டி, ஆல்பமாகக் கட்டிக் கொடுப்பார்கள். கோயில், பாலம், மலை இவற்றோடு 'வீட்டில் ஜப்பானியப் பெண்' என்பதும் எப்போதும் விற்கும் சரக்கு.

என் படங்களின் அடி ஓரத்தில் வெள்ளை எழுத்தில் எண்ணும் ஆங்கிலத் தலைப்பும் உண்டு. நெகட்டிவில் கறுப்பு மையால் எழுதினால் பிரிண்டில் அது வெள்ளையாக விழும். எண் இருக்கிறதே, எடுத்தவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஊரில் கடைகள் கைமாறும்போது நெகட்டிவ்களும் சேர்ந்தே கைமாறின. அடோல்ஃபோ ஃபர்சாரி என்ற ஸ்டுடியோக்காரர் 1885-ல் இன்னொருவர் சரக்கை வாங்கினார். 1886-ல் தீப்பிடித்து நெகட்டிவ் எல்லாம் போயின. நாடு முழுக்கச் சுற்றிப் புதிதாக எடுத்துவந்து 1887-ல் மறுபடி கடை திறந்தார். கிம்பெய் விற்றவற்றிலும் பிறர் எடுத்தவை உண்டு. ஆகவே எண்ணைக் குறித்துக்கொண்டேன், பெயர் சொல்ல மனம் வரவில்லை. விற்பனைப் பட்டியல்களில் எல்லாவற்றையும் 'கிம்பெய்' என்று போடுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பெயருக்கு விலை கூடும், அவ்வளவுதான் விஷயம்.

எதையும் தொடுவதற்கு முன்னால் இது என்ன வகைப் பிரிண்ட் என்று தெரிந்தாக வேண்டும். 30 மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். அச்சகப் படமாக இருந்தால் வரிசையான புள்ளிகள் தெரியும். காலோடைப் (collotype) என்ற அச்சு முறை என்றால் புழு நெளிவது மாதிரி நுண்ணிய மணிகள் தெரியும். 1900-ல் தனியார் தபால் அட்டைக்கு அனுமதி கிடைத்த பிறகு வந்த ஜப்பானிய அட்டைகளில் அதுதான் அதிகம். இங்கே இரண்டும் இல்லை. நிழல் பகுதிகளில் காகித நார் தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் பளபளப்பான மெல்லிய படலம். படலம் முழுக்க மயிரிழை வெடிப்பு. ஆல்புமென் பிரிண்ட்தான். 1850-ல் பிரான்சில் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய முறை இது. மெல்லிய தாளில் உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, நெகட்டிவுக்கு அடியில் வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாகவே கறுத்து வரும். தாள் மெலிது என்பதால் சுருளும், அதனால்தான் அட்டையில் ஒட்டினார்கள். முட்டைப் புரதம் வருடங்கள் போகப் போக மஞ்சளாகும், அதுவும் முகம், கை, வானம் மாதிரி வெளிர் இடங்களில்தான் கண்ணுக்கு உறைக்கும்.

அடுத்து இருட்டறையில் புற ஊதா டார்ச், சில வினாடிகள் மட்டும். அட்டை மங்கலாகவே கிடந்தது. நீலவெள்ளையாக ஜொலித்திருந்தால் அது 1950-க்குப் பிந்திய காகிதம், வெண்மையூட்டி சேர்த்தது, பழையது போலச் செய்த போலி என்று மூட்டை கட்டியிருக்கலாம்.

இனி தூசி. ஆட்டுமயிர்த் தூரிகை ஒன்று, ரப்பர் காற்றுப் பந்து ஒன்று. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல் தட்டவேண்டும். படத்தைச் சுற்றிய வெற்று அட்டையில் மட்டும் புகைக்கறை எடுக்கும் ரப்பர் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை. பஞ்சு கறுப்பாகிக்கொண்டே வந்தது, அட்டை க்ரீம் நிறத்துக்குத் திரும்பியது. பிடிவாதமான கைரேகைகளுக்கு வெள்ளை வினைல் அழிப்பானைத் துருவி, அந்தத் துருவலை விரல் நுனியால் உருட்டினேன். ஈக்கள் விட்டுப்போன கறுப்புப் புள்ளிகளை ஊசிமுனைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன், அதுவும் அட்டையில் மட்டும்.

படத்தின்மேல் தூரிகையோடு சரி. ஏன் என்பதற்கு ஒரு சோதனை. துவைக்கும் காட்சியின் ஓரத்தில், வண்ணம் எல்லை தாண்டி அட்டையில் சிந்திய ஒரு சின்ன இளஞ்சிவப்புப் பொட்டு இருந்தது. பஞ்சு நுனியை ஈரமாக்கி, உறிஞ்சுதாளில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு வைத்து அந்தப் பொட்டைத் தொட்டேன். பஞ்சு ரோஸ் நிறமாகிவிட்டது. தண்ணீரில் கரையும் வண்ணம், தண்ணீரிலேயே ஓடிவிடும். இணையத்தில் பழைய போட்டோவை நீரில் ஊறவைத்து அட்டையிலிருந்து பிரிக்கும் வீடியோக்கள் எத்தனையோ இருக்கின்றன. கறுப்புவெள்ளைக்கே அது ஆபத்து. வண்ணம் தீட்டிய யோகோஹாமா படத்துக்கு அதைச் செய்தால் மிஞ்சுவது வெறும் பழுப்புப் படம்.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது உருப்பெருக்கியின் முன்னால்தான். ஃபர்சாரியின் கடையில் ஓர் ஓவியர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படங்கள்தான் முடிப்பாராம். என் படங்களைப் பார்த்தால் நம்பலாம் போலிருக்கிறது. தூங்கும் பெண்களின் போர்வையில் உள்ள பூ ஒவ்வொன்றும் தனித்தனித் தூரிகைத் தொடுகை; உதட்டுச் சிவப்பு மயிரிழையை விட ஒரு பங்குதான் கூடுதல். ஆடை மடிப்பின் நிழல்களை ஓவியர் தொடவே இல்லை, போட்டோவின் பழுப்பையே நிழலாக விட்டுவிட்டு மேட்டில் மட்டும் நீலத்தை ஓட்டியிருக்கிறார். நீலம் ஓரிடத்தில் ஓரமாகத் தேங்கி உலர்ந்து அடர்ந்த கோடாகியிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்தால் தூரிகை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம்.

அதே படத்தில் தலைமாட்டில் ஓர் ஆந்தோன் இருக்கிறது. மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டி உள்ளே எண்ணெய்த் திரி வைக்கும் விளக்கு. இருட்டில் அது மட்டும் இதமாக எரிவது போலத் தோன்றும். உருப்பெருக்கியில் பார்த்தால் மஞ்சள் வண்ணம், காகிதத்தின் நடுவில் அடர்த்தியாக, ஓரத்துக்கு வர வர நீர்த்து. நிழல்களைப் பாருங்கள்: விளக்கு வலப்பக்கம், ஆனால் பெண்களின் மூக்கு நிழலும் தலையணை நிழலும் விழுவதும் வலப்பக்கமே. வெளிச்சம் இடப்பக்க மேல் கண்ணாடிக் கூரையிலிருந்து வந்திருக்கிறது. பட்டப்பகலில், ஸ்டுடியோவில், பாய் விரித்து எடுத்த இரவு இது. விளக்கை ஏற்றியவர் ஓவியர்தான்.

தலை வாரும் படத்திலும் தேநீர்ப் படத்திலும் இருப்பது ஒரே ஹிபாச்சி, விளிம்பில் அதே சின்ன உடைசல். பின்னால் நிற்கும் மடிப்புத் தட்டியும் ஒன்றேதான். ஒரு பெண்ணின் முகம்கூட ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒன்றில் திருமணமானவர்கள் போடும் மருமகே கொண்டை, மற்றதில் கன்னிப்பெண்கள் போடும் ஷிமாதா. இப்படி விற்பனைக்கு எடுத்த படங்களில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த மாடல்கள், கெய்ஷாக்கள். வீடு, குடும்பம் என்று பயணிகள் வாங்கிப்போனது ஓர் அறையில் போட்ட செட். செட் என்பதால் எல்லாம் பொய் என்று தள்ளவும் முடியாது. பொருட்கள் மெய். கொண்டை கலையாமல் இருக்கக் கழுத்தடியில் மட்டும் படும் அந்தப் பெட்டித் தலையணை, அதன்மேல் சுற்றிய, எண்ணெய் பட்டால் மாற்றிக்கொள்ளும் காகிதம், சீப்பு வரிசை, முடி கட்டும் காகிதச் சரடு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

துவைக்கும் படத்தைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். எண்பது தாண்டியவர், சிறுமியாக இருந்தபோது அவர் அம்மா வீட்டில் இந்தப் பலகை இருந்ததாம். கிமோனோவை அப்படியே துவைக்கமாட்டார்கள். தையலைப் பிரித்து நீள நீளத் துண்டுகளாக்கித் துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காயவைத்து மறுபடி தைப்பார்கள். பாட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கையைக் கட்டியிருக்காங்க, சரி," என்றார். சட்டைக்கை நனையாமல் தோளோடு இழுத்துக் கட்டும் தாசுகி கயிற்றைச் சொல்கிறார். "ஆனா இந்தத் துணி நனையவே இல்லையே. நனைஞ்ச துணி பலகையில அப்படியே ஒட்டிக்கும். இது மேல் ஓரத்துல தொங்குது பாருங்க."

பார்த்தேன். துணிக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய நிழல். பாட்டி சொன்ன பிறகு அது கண்ணை விட்டுப் போகவில்லை. கஞ்சி எதில் என்று கேட்டேன். ஃபுனோரி என்றார், கடற்பாசியைக் காய்ச்சி வடித்த பசை. எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதமும் ஓவியமும் பழுது பார்க்கிறவர்கள் இன்றும் அதே பாசிப் பசையைத்தான் உதிரும் வண்ணத்தை நிறுத்தப் பயன்படுத்துகிறார்கள். என் மேசையிலேயே உலர்ந்த தகடாக ஒரு பொட்டலம் கிடந்தது. இந்தப் படங்களில் அதற்கு வேலை வரவில்லை. வண்ணம் உதிரவில்லை, உதிராததன்மேல் ஈரப்பசையை வைப்பானேன். அட்டையை ஒட்டவோ ஃபுனோரிக்குப் பலம் போதாது.

அட்டை மூலைக்குக் கோதுமை ஸ்டார்ச் பசை. இங்கே ஷோஃபுநோரி என்று கிடைக்கும். மைதாவைக் காய்ச்சும் போஸ்டர் பசை வேண்டாம். அதில் உள்ள பசைப்புரதம் காலப்போக்கில் மஞ்சளாகும், பூச்சியையும் கூப்பிடும். ஸ்டார்ச்சை நான்கைந்து பங்கு தண்ணீரில் ஊறவைத்து, சிறுதீயில் விடாமல் கிளறினால் பால் போல இருந்தது கண்ணாடி மாதிரித் தெளிந்து இறுகும். ஆறியதும் மயிர்ச்சல்லடையில் மரக்கரண்டியால் அழுத்தித் தேய்த்து, அதையே மறுபடி ஒருமுறை தேய்த்தால் வெண்ணெய்ப் பதம் வரும். நீர் சேர்க்காமல் கெட்டியாகவே எடுத்துக்கொண்டேன், ஈரம் படத்துப் பக்கம் ஏறக்கூடாது. பிளந்த இதழ்களுக்கு நடுவே மெல்லிய தூரிகையால் உள்ளிருந்து வெளியாகப் பூசி, மேலும் கீழும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, உறிஞ்சுதாள், ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் எடை. முதல் அரைமணி நேரத்தில் உறிஞ்சுதாளை அடிக்கடி மாற்றவேண்டும், ஈரம் வெளியே போகும் வழி அதுதான்.

கிழிந்த ஓரத்துக்குக் கோஸோ மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய ஜப்பானியக் காகிதம், வாஷி. கத்தரியால் வெட்டினால் நேர்க்கோடு விழுந்து, பிறகு அந்தக் கோட்டிலேயே அட்டை மடியும். தூரிகையால் தண்ணீர்க் கோடு போட்டு இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் நார் நாராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்கள்தான் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளை வாஷி பழுப்பு அட்டையில் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது. தெரியட்டும். தேயிலைச் சாறில் நனைத்து நிறம் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். தேயிலையில் அமிலம் உண்டு, தவிர எது பழையது எது நான் போட்டது என்று நாளைக்கு எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியவேண்டாமா?

வெள்ளிப்பூச்சி மேய்ந்த ஓரத்தை அப்படியே விட்டுவிட்டேன். முட்டைப் படலம் போய்க் காகிதம் வெளியே தெரிகிறது, வண்ணம் வைத்து மூடலாம்தான். ஆனால் 120 வருடத்துக்கு முந்திய ஓர் ஓவியர் எங்கே நிறுத்தினார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் இத்தனை நேரம் உருப்பெருக்கியைப் பிடித்தேன். அவர் கோட்டுக்குப் பக்கத்தில் என் கோடு எதற்கு?

வளைவை நிமிர்த்துவதில் எனக்கு அரை வெற்றிதான். வழக்கமான வழி, ஈரப்பதமான பெட்டியில் வைத்து இளகவைத்துப் பிறகு அழுத்துவது. ஆல்புமெனில் வெடிப்புகள் கூடும், வண்ணம் கசியும் என்பதால் அது வேண்டாமென்று முடிவு. உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பலகை போட்டு, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் அலமாரியில் சும்மா விட்டேன். வில் தளர்ந்தது, நேராகவில்லை. கட்டாயப்படுத்தினால் அட்டை நிமிரும், படம் உடையும்.

நகல் எடுத்தது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தால் வளைந்த படம் நசுங்கும், அதனால் கேமராவைத் தாங்கியில் கீழ்நோக்கி மாட்டி, இருபுறமும் 45 பாகையில் விளக்கு, விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர். முட்டைப் பளபளப்பு முழுக்க அடங்கிவிட்டது. 20-க்கு 26 செ.மீ. படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி வேண்டுமென்றால் 29 மெகாபிக்சல் ஆகிறது. என் கேமரா 24, ஆகவே இரண்டு பாதியாக எடுத்துச் சேர்த்தேன். மங்கிப்போன முகங்களுக்கு ஒரு வழி உண்டு: நிறங்களைப் பிரித்து நீல அலைவரிசையை மட்டும் பாருங்கள், வெள்ளிப் படிமம் வெளுத்து மஞ்சளான இடத்திலும் விவரம் அதில் தங்கியிருக்கும். பழுப்புப் புள்ளிகளும் அதில் பெரிதாகத் தெரியும், அதற்குச் சிவப்பு அலைவரிசை. இரண்டையும் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

நகலைத் திருத்தும்போது இடவலம் மாறிவிட்டதா என்று பார்க்க இந்தப் படங்களிலேயே ஒரு குறி இருக்கிறது. கிமோனோவில் அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேலே வரவேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும்போது மட்டும். வலைத்தளங்களிலும் காலண்டர்களிலும் வரும் மறுபதிப்புகளில் எத்தனையோ பெண்கள் சாவுடையில் சிரித்துக்கொண்டு தேநீர் ஊற்றுகிறார்கள், கண்ணாடி நெகட்டிவையோ ஸ்லைடையோ யாரோ புரட்டி வைத்ததால். என் நான்கிலும் கழுத்துப்பட்டி சரியாக இருந்தது.

கடைசியாக வைப்பிடம். முதலில் பாலியெஸ்டர் உறை வாங்கலாமென்றிருந்தேன், கண்ணாடி மாதிரித் தெரியும், அழகு. ஆனால் அதில் நிலைமின்சாரம் உண்டு. தளர்ந்த வண்ணத்துகளைத் தூக்கிவிடும், ஜூன் மழைக்காலத்து ஈரத்தில் பளபளப்பான பரப்போடு ஒட்டவும் செய்யும். அதனால் போட்டோவுக்கென்று சோதித்த, அமிலமும் காரமும் சேர்க்காத தாளில் நான்கு மடிப்பு உறை செய்தேன். உறைக்குள் இரண்டு பக்கமும் அதே வகை மெல்லிய தாள். உறைமேல் எழுதிய பிறகுதான் தாளை உள்ளே வைத்தேன். பென்சில் அழுத்தம் படத்தில் பதியக்கூடாது. எழுதியது: யோகோஹாமா வகை ஆல்புமென், கைவண்ணம் நீரில் கரையும், எண் இன்னது, எடுத்தவர் பெயர் இல்லை, மூலை ஒட்டியது கோதுமை ஸ்டார்ச், வாஷி இணைப்பு ஓரிடம், மற்றபடி பழையபடி.

அலமாரி 40 சதவீத ஈரப்பதத்தில் நிற்கிறது. அதற்கு ரொம்பக் கீழே கொண்டுபோனால் ஆல்புமென் இழுத்து மறுபடி சுருளப் பார்க்கும், ரொம்ப மேலே போனால் பூஞ்சை. ஒரே அளவில் வைப்பதுதான் முக்கியம்; ஏறி இறங்கினால் வெடிப்பு கூடும். சுவரில் மாட்டலாமா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த இளஞ்சிவப்பு வெளிச்சத்தைத் தாங்குமென்று எனக்கு நம்பிக்கையில்லை, அதனால் மாட்டியிருப்பது நகல். இரண்டு மாதிரி எடுத்தேன்: மஞ்சளை நீக்கியது ஒன்று, இன்றைக்கு இருக்கிறபடி ஒன்று. வீட்டில் தேர்ந்தது மஞ்சளை நீக்கியதை. பாட்டி கேட்டு வாங்கிப்போனது மற்றதை.